எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் விளக்கு எரிந்தால் போதுமா?

திறன் வகுப்பறையும் உயர்தொழில்நுட்ப ஆய்வகமும் நம் பள்ளிகளுக்கு வந்தபோது, கூடவே ஒரு பொருள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் உள்ளே நுழைந்துவிட்டது. அதுதான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஆய்வகத்துக்கு முறையான வயரிங் இருக்கும். ஆனால் ஆண்டு விழாவுக்கு மைக், ஒலிபெருக்கிக்கு ஓர் இணைப்பு, தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்கு மின்விசிறி என்று தேவை வரும்போதெல்லாம் யாரோ ஒருவர் கடைத்தெருவில் ஒரு பெட்டி வாங்கி வருவார். விழா முடியும், தேர்தல் முடியும், பெட்டி மட்டும் பள்ளியிலேயே தங்கிவிடும். ஐந்தாறு ஆண்டுகள் ஆனாலும் அதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சிவப்பு விளக்கு எரிகிறதே!

நான் தென்னேரியில் குடியிருக்கிறேன், இயற்பியல் கற்பிக்கிறேன். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பணிபுரியும் நண்பர்கள் இப்படிப்பட்ட பெட்டிகளை அவ்வப்போது என்னிடம் கொண்டுவருவார்கள். "சார், லைட் எரியுது, ஆனா கம்ப்யூட்டர் ஆன் ஆகல" என்பார்கள். இல்லையென்றால், "பெட்டி நல்லாத்தான் இருக்கு, ஆனா சிபியூவைத் தொட்டா சுர்ருனு இருக்கு" என்பார்கள். இரண்டாவது புகார்தான் எனக்குக் கவலை தரும்.

அந்தச் சிறு விளக்கு பேஸ் கம்பிக்கும் நியூட்ரல் கம்பிக்கும் இடையே இணைக்கப்பட்டிருக்கிறது. அந்த இரண்டும் அந்த இடம் வரை வந்து சேர்ந்திருக்கின்றன என்பதை மட்டுமே அது சொல்லும். எர்த் கம்பி இருக்கிறதா, சாக்கெட்டின் பிடிப்பு இறுக்கமாக இருக்கிறதா, உள்ளே மின் எழுச்சியைத் தாங்கும் பாகம் உயிரோடு இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் அதனிடம் பதில் இல்லை. பள்ளியைப் பொறுத்தவரை முக்கியமான கேள்விகள் இவைதாம்.

எர்த் எங்கே அறுந்திருக்கிறது?

கணினியைத் தொட்டால் சுர்ரென்பது ஏன்? கணினியின் பவர் சப்ளையில் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகப் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்குச் சிறு மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். அவற்றின் வழியாக மில்லி ஆம்பியரை எட்டாத சிறிய மின்னோட்டம் எப்போதும் கசியும். எர்த் இருந்தால் அது ஓசையின்றி மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் உலோக உடல் ஏறத்தாழ 115 வோல்ட்டில், அதாவது வழங்கல் மின்னழுத்தத்தில் பாதியில் நிற்கும். தொடுபவரின் உடலே அந்த மின்னோட்டத்துக்குப் பாதையாகிறது. ஒரே பெட்டியில் ஐந்து கணினிகளைச் செருகியிருந்தால் ஐந்தின் கசிவும் ஒன்றாகச் சேரும்.

இந்தச் சுர் ஆளைக் கொல்லாது. ஆனால் நாளை உள்ளே மின்காப்பு கிழிந்து பேஸ் கம்பி உலோக உடலைத் தொட்டால், அதை மண்ணுக்குக் கொண்டுபோய் எம்சிபியையோ ஆர்சிசிபியையோ விழவைக்க வேண்டிய கம்பி அங்கே இல்லை என்பதுதான் அதன் பொருள். குழந்தைகள் வெறுங்காலோடு, மழைக்காலமென்றால் ஈரக் காலோடு உட்கார்ந்திருக்கும் அறையில் இது சாதாரணச் செய்தி அல்ல.

சோதிப்பது எளிது. பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதுமாகக் கழற்றிப் பெட்டியை மேசைமேல் வையுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் பீப் நிலைக்குத் திருப்புங்கள். ஒரு முனையைப் பிளக்கின் பருத்த, நீளமான முள்ளிலும் மறு முனையை ஒவ்வொரு சாக்கெட்டின் மேல் துளையிலும் வைத்துப் பாருங்கள். எல்லாத் துளைகளிலும் பீப் கேட்க வேண்டும். அப்படியே மீட்டர் முனையை எடுக்காமல் பிளக்கின் கழுத்துப் பகுதியில் வயரை அப்படியும் இப்படியும் வளைத்துப் பாருங்கள். ஒலி விட்டு விட்டு வந்தால், மேலே உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்துவிட்டன. என்னிடம் வந்த பெட்டிகளில் அடிக்கடி கண்ட கோளாறு இது. மூன்று முள் பிளக்கும் மூன்று துளை சாக்கெட்டும் இருக்க, நடுவே ஓடுவது இரண்டே கம்பி கொண்ட வயர் என்ற அநியாயத்தையும் பார்த்திருக்கிறேன். அதை விற்றவரை என்ன சொல்வது!

குழந்தைகளின் பாதுகாப்புக்காக ஷட்டர் வைத்த சாக்கெட்டில் மீட்டர் முனை நுழையாது. கணினியின் பவர் கார்டைச் செருகி, அதன் மறுமுனையின் நடுத்துளையைத் தொடுங்கள். கார்டும் சேர்ந்தே சோதிக்கப்பட்டுவிடும்.

அடுத்து சுவிட்ச். எர்த் துளை மேலே இருக்குமாறு சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால் வலது துளை பேஸ், இடது துளை நியூட்ரல். பிளக்கின் முட்களை நேருக்கு நேர் பார்க்கும்போது இது இடம் மாறி, இடது முள் பேஸ் ஆகிவிடும். பேஸ் முள்ளுக்கும் பேஸ் துளைக்கும் இடையே சுவிட்சைப் போட்டால் பீப், அணைத்தால் மௌனம். நியூட்ரல் பக்கம் சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் பீப். இதுவே சரியான இணைப்பு. மாறியிருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் கருவிக்குள் 230 வோல்ட் காத்திருக்கும்.

பெட்டி சரி, சுவர் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா? இது மின்சாரம் ஓடும்போது செய்ய வேண்டிய சோதனை. இதை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விட்டுவிடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று அளவுகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் என்று வந்தால் நல்லது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 60, 90 என்று எண்கள் அலைபாய்ந்தால் எர்த் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. சட்டைப் பையில் செருகி வைத்திருக்கும் டெஸ்டர் இதைக் காட்டாது. பேஸ் இருக்கிறதா என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. கரியும் உப்பும் போட்ட எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் அன்றைக்கே முடித்துக்கொள்ள வேண்டிய வேலை.

சூடு

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடத்தில் ஜூல் வெப்ப விதியை நடத்துகிறோம். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் வெப்பமாகும் திறன் கிடைக்கும். தளர்ந்துபோன சாக்கெட்டில் தொடர்பு மின்தடை வெறும் அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். 6 ஆம்பியர் ஓடினால் 36 × 0.5, அதாவது 18 வாட். ஆய்வகத்தில் வைத்திருக்கும் சால்டரிங் அயன் 25 வாட். ஏறக்குறைய ஒரு சால்டரிங் அயனைப் பிளாஸ்டிக்குக்குள் சொருகி வைத்த கதைதான்.

இதை மல்டிமீட்டரில் பிடிப்பது கடினம். மீட்டரின் வயர்களே கால் ஓம், அரை ஓம் காட்டும். கையும் மூக்கும்தான் இங்கே கருவி. அரைமணி நேரம் பயன்படுத்திய பின் சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், சுடக்கூடாது. முள் கருத்திருந்தாலோ, சாக்கெட் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, மீன் வாடை போன்ற ஒரு நாற்றம் அடித்தாலோ அந்தச் சாக்கெட்டின் பித்தளைப் பிடி சூட்டில் தன் இறுக்கத்தை இழந்துவிட்டது. அதை நெருக்கி வளைத்துச் சரிசெய்தால் ஒரு மாதம் தாங்கும், பிறகு மறுபடியும் எரியும்.

6 ஆம்பியர் பெட்டி தாங்குவது 230 × 6, அதாவது 1380 வாட். புரொஜெக்டர், மடிக்கணினி, ஒலிபெருக்கி மூன்றும் சேர்ந்தாலும் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். ஆசிரியர் அறையில் டீ போட வாங்கிய 1500 வாட் கெட்டில் ஒன்றே இதைத் தாண்டிவிடும். கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் சுவரிலுள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு உரியவை.

இங்கே கொஞ்சம் வரலாறு. நம் உருண்டை முள் பிளக் பிரிட்டனின் பழைய தரத்திலிருந்து வந்தது. அவர்கள் 1947இல் சதுர முள் பிளக்குக்கு மாறியபோது ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு ஃபியூஸை வைத்துவிட்டார்கள். நாம் உருண்டை முள்ளிலேயே நின்றோம், நம் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது. பெட்டியின் வயர் மெல்லியதாக இருந்து, சுவருக்குள் 16 ஆம்பியர் எம்சிபி இருந்தால், எம்சிபி விழுவதற்கு முன் வயர் உருகிவிடக்கூடும். எனவே பெட்டியிலேயே 6 ஆம்பியர் ஃபியூஸோ, தானாக விழும் பொத்தானோ இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு இழுப்பது எந்த நிலையிலும் வேண்டாம்.

ஸ்பைக் கார்டு என்ற நம்பிக்கை

இடி மின்னலின்போதும், சுற்றிலுமுள்ள வயல்களில் பம்புசெட் மோட்டார்கள் நிற்கும்போதும் ஓடும்போதும் மின்கம்பியில் நொடியின் மிகச் சிறு பகுதிக்கு மின்னழுத்தம் பல நூறு வோல்ட்டுக்கோ அதற்கு மேலோ எகிறும். இதைத் தாங்கிப்பிடிப்பது எம்ஓவி எனப்படும், பொத்தான் போன்ற நீல அல்லது மஞ்சள் வட்டு. துத்தநாக ஆக்சைடுத் துகள்களைச் சுட்டுச் செய்த பீங்கான் அது. 1960களின் இறுதியில் ஜப்பானின் மாட்சுஷிட்டா நிறுவனத்தில் உருவானது. சாதாரண மின்னழுத்தத்தில் அது மின்காப்பான், எல்லை தாண்டினால் கடத்தி. அதன்மேல் 14டி471கே என்று எழுதியிருந்தால் விட்டம் 14 மில்லிமீட்டர், கடத்தத் தொடங்கும் எல்லை 470 வோல்ட். நம் 230 வோல்ட்டின் உச்சம் 325தான், ஆகவே மற்ற நேரங்களில் அது தூங்கும்.

ஒவ்வொரு அடி வாங்கும்போதும் அது சிறிது தேய்கிறது. தேய்ந்ததை மீட்டரால் சொல்ல முடியாது. பிளக் கழற்றிய நிலையில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சில ஓம் மட்டும் காட்டினால் எம்ஓவி ஷார்ட் ஆகிவிட்டது என்று உறுதி. எதுவும் காட்டாவிட்டால் அது நலமாகவும் இருக்கலாம், வெடித்து அறுந்தும் இருக்கலாம், வாங்கும்போதே இல்லாமலும் இருக்கலாம். ஸ்பைக் கார்டு என்று அட்டையில் அச்சிட்ட பெட்டியைத் திறந்தால் உள்ளே சுவிட்சும் விளக்கும் மட்டும் இருந்ததைக் கண்டிருக்கிறேன். நல்ல பெட்டிகளில் பாதுகாப்பு நிலையைக் காட்டத் தனி விளக்கு இருக்கும். அது அணைந்தால் பெட்டி வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகிவிட்டது என்று பொருள்.

நம் ஊர்ப்புறங்களில் கருவிகளைக் கொல்வது பெரும்பாலும் மின்னல் அல்ல, நியூட்ரல் கட். மழையிலும் காற்றிலும் மும்முனை இணைப்பின் நியூட்ரல் கம்பி தளர்ந்தால் ஒற்றை முனை இணைப்புகளில் 230க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கி வரக்கூடும். நொடிப்பகுதி அல்ல, யாராவது மெயினை அணைக்கும் வரை வரும். 400 வோல்ட்டின் உச்சம் 565. எம்ஓவி இதைத் தடுக்க முயன்று, தொடர்ந்து கடத்தி, சூடேறி எரியும். வெப்ப ஃபியூஸ் இல்லாத மலிவுப் பெட்டியில் அதுவே தீப்பொறி. ஒரு வடகிழக்குப் பருவமழை நாளில் இங்கே ஒரு பள்ளியில் இப்படி ஸ்பைக் கார்டு கருகியது. அதில் மாட்டியிருந்த தொலைக்காட்சியும் தப்பவில்லை. அறையில் குழந்தைகள் இல்லாதது அந்த நாளின் அதிர்ஷ்டம்.

சில விளக்குகள் அளவுக்கு மேல் பளிச்சென்றும், பக்கத்து அறையில் மங்கலாகவும் எரிந்தால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். பிறகு மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். இந்த வகைக் கோளாறுக்கு ஸ்பைக் கார்டு மருந்தல்ல. மின்னழுத்தம் எல்லை தாண்டினால் இணைப்பையே துண்டிக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் அல்லது மின்பலகையில் பொருத்தும் கட்-ஆஃப் கருவிதான் வேண்டும். திறன் வகுப்பறை உள்ள பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துக் கேட்கத் தகுந்த செலவு இது.

பழுதுபார்ப்பதில் எனக்கு ஒரு கோடு உண்டு. கழுத்தில் அறுந்த வயர், தளர்ந்த திருகு, போன ஃபியூஸ், உடைந்த பிளக் இவற்றைச் சரிசெய்வேன். கருகிய சாக்கெட், வெடித்த எம்ஓவி, திருகு இல்லாமல் ஒட்டி மூடிய பெட்டி இவற்றைத் தொடமாட்டேன். புதிய பிளக் மாட்டும்போது சாக்கெட்டில் பார்த்த வலது, இடது இங்கேயும் சரியாக அமைய வேண்டும். எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் அது கடைசியாகக் கழல வேண்டும். இழைகளை முறுக்கித் திருகுக்குக் கீழே வையுங்கள், ஈயம் பூசி வைக்காதீர்கள். ஈயம் நாளடைவில் நசுங்கித் திருகு தளர்ந்துவிடும். முடிந்ததும் வயர் இறுக்கியை முடுக்கி, மீண்டும் எல்லாத் துளைகளிலும் பீப் பாருங்கள். தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். பருவத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும், பத்து நிமிட வேலை. திறக்கும்போது உள்ளே பல்லி முட்டையும் எறும்புப் புற்றும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், ஒரு பழைய பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள்.

கழித்துவிட்ட பெட்டியை அலமாரிக்கு மேல் வைத்தால் அடுத்த ஆண்டு விழாவில் அது இறங்கி வந்துவிடும். பிளக்கை ஒட்டி வயரை வெட்டிவிடுங்கள். உள்ளிருக்கும் நீண்ட உலோகப் பட்டைகளை எடுத்து ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோனால் பித்தளையா, முலாம் பூசிய இரும்பா என்பது தெரிந்துவிடும். பித்தளையானால் ஆறாம் வகுப்புக்கு 1.5 வோல்ட் மின்கலத்தோடு மின்சுற்று அமைக்க அருமையான பொருள். இரும்பானால், அதே கடையில் அடுத்த பெட்டி வாங்காதீர்கள்.