கூடிப் படிக்க ஒரு மாலை

கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்த 1950-ஆம் ஆண்டுகளில், வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்டதை நம் மூத்தோர் இன்றும் சொல்லக் கேட்கிறோம். அதற்கும் முன்னர் ஊர்ச் சாவடிகளில் பாரதம் வாசிக்கப்பட்டது. எழுத்தறியாதாரும் செவிவழியே நூலறிந்தனர். ஆயினும் சேரியிலிருந்து வந்தோர் எட்ட நின்றே கேட்க நேர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவ்வழக்கத்தை நம் குடும்பங்களிடையே மீண்டும் தொடங்குதல் நன்று; எட்ட நின்று கேட்டவர் மரபில் வந்த பெண்மணிகள் எழுதிய நூல்களைக் கொண்டு தொடங்குதல் மிக நன்று என்பது எமது துணிபு.

பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வெளிவந்தது. விருதுநகர்ப் பக்கத்துப் பேச்சுமொழியிலேயே அமைந்த தன்வரலாறு அது. ஏட்டுத்தமிழ் பயின்ற கண்கள் அதில் தடுக்கி விழும், காதுகளுக்கோ தடையில்லை. தமிழ் எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பேரன் ஒரு பத்தியைத் திக்கித் திணறி முடிக்குமுன், அச்சீமையில் பிறந்த பாட்டி அவ்வாக்கியத்தை உரிய ராகத்தோடு சொல்லிவிடுவார். இப்படிப்பட்ட நூலைத் தனியறையில் மௌனமாகப் படிப்பது அதன் பாதியை இழப்பதாகும்.

அந்நூலில் ஒரு காட்சி வருகிறது. பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிச் சென்று நிலக்கிழாரிடம் நீட்டுகிறார். பார்த்த சிறுமி வேடிக்கையென்று சிரிக்கிறாள். தமையன் காரணத்தைச் சொன்ன பின்னரே அதன் கொடுமை அவளுக்கு விளங்குகிறது. இப்பக்கத்தைப் படித்து நிறுத்தினால் கூட்டத்தில் அமைதி நிலவும். “எங்கள் ஊரில் இப்படியெல்லாம் இல்லை” என்று ஒருவர் தொடங்கவும் கூடும். அவரோடு வாதிடாமல் அடுத்த பக்கத்தைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பொட்டலத்தைத் தூக்கியவரின் பேத்தியும் அவ்வவையில் அமர்ந்திருக்கலாம். தம் குடும்பத்து அனுபவத்தைச் சொல்லும்படி அவரை எவரும் வற்புறுத்தலாகாது. எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று நயமாகத் துருவும் பழக்கம் நம் சங்க மண்டபங்களிலும் உண்டு. வாசிப்புக் கூட்டத்திலேனும் அதனை வாயிற்படியிலேயே விட்டு வருதல் வேண்டும்.

மராட்டிய நாட்டில் வாழும் குடும்பங்களுக்கு மற்றொரு வாய்ப்பும் இருக்கிறது. பள்ளியில் மராட்டி பயிலும் பிள்ளைகள் ஒவ்வொரு பத்தியாகப் படித்து, பெரியோர்க்குத் தமிழில் பொருள் சொல்லலாம். பேபி காம்ப்ளேயின் ‘ஜிண ஆமுச’ 1986-இல் நூலாயிற்று. பல்டணில் சிறுகடை நடத்திய அம்மையார், பொட்டலம் கட்ட வாங்கிய பழைய செய்தித்தாள்களைப் படித்தே அறிவை வளர்த்தவர். எழுதியவற்றைக் கணவர் காணாவண்ணம் பல்லாண்டு ஒளித்துவைத்தார். மகார் மக்கள் பிறரால் பட்ட இழிவை எழுதிய அதே கையால், அவ்வில்லங்களுக்குள் மருமகள்கள் பட்ட அடியையும் அவர் எழுதினார். அதனாலேயே அந்நூலை நாம் உயர்வாக மதிக்கிறோம். ஊர்மிளா பவாரின் ‘ஆய்தான்’ 2003-இல் வந்தது. கொங்கணத்தில் மூங்கிற்கூடை முடைந்து மக்களைக் காத்த தாயின் தொழிலே அதன் பெயர்.

வயநாட்டு அடியர் குலத்துச் சி. கே. ஜானு, 2003-இல் முத்தங்கா நிலப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர். அவருடைய வாழ்க்கைக் கதை வாயால் சொல்லப்பட்டு, பிறரால் எழுதப்பெற்றது. சொல்லிப் பிறந்த நூலைச் சொல்லியே பரப்புதல் பொருத்தமன்றோ?

தில்லி வாழ் அன்பர்கள் சந்தால் குலக் கவிஞர் நிர்மலா புதுலின் கவிதைகளை இந்தி வடிவில் தேடிப் படித்தல் வேண்டும். சார்க்கண்டிலிருந்து வீட்டுவேலைக்காகத் தில்லிக்குக் கொண்டுசெல்லப்படும் பெண்களைப் பற்றியும் அவர் பாடியிருக்கிறார். அத்தகைய பெண்கள் பாத்திரம் துலக்கும் வீடுகளில் நம்மவர் வீடுகளும் உண்டு. கவிதை வாசிக்கப்படும்போது அடுக்களையில் இருப்பவரையும் அழைத்து, தரையிலன்றி நாற்காலியில் அமர்த்துவீர்களா என்பதே எமது கேள்வி.

பெருஞ்செலவு எதுவும் இல்லை. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம், பத்துப் பக்கம், ஒரு பிரதி போதும். முதலில் பெண்கள் படிக்கட்டும். தேநீர் எல்லார்க்கும் ஒரே வகைக் குவளையில் வரட்டும். மூக்குக்கண்ணாடியை மறந்து வருவோர் கேட்பவராக அமரலாம்.