மூடிய உறைக்குள் மூன்று பெயர்கள்

கோவை மருதமலை அடிவாரத்தில் துணைவேந்தர் பற்றிய இந்தக் கேள்வி கிளம்பிவிட்டால் வேறு பேச்சே ஓடாது: "ஏனுங்க, அடுத்த வி.சி. யாருன்னு தெரிஞ்சுதுங்களா?" பாரதியார் பல்கலைக்கழக கேண்டீனில் ஒரு பெயர் அடிபடும், வடவள்ளி பேக்கரியில் இன்னொன்று. பொழுது சாய்வதற்குள் இரண்டுமே மாறியிருக்கும். வாங்க, அந்தப் பெயர்கள் நிஜமாகவே பிறக்கிற அறைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடலாம்!

முதலில் தேடுதல் குழு. செனட் ஒருவரை அனுப்பும், சிண்டிகேட் ஒருவரை அனுப்பும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, குழுவில் உட்காருபவருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தோடு எந்த ஒட்டும் உறவும் இருக்கக் கூடாது. அப்புறம் விளம்பரம். பேராசிரியராகப் பத்து வருஷ அனுபவம் கேட்பார்கள். அதைத் தாண்டியவர்களின் பயோடேட்டாக்கள் வந்து குவியும்: ஆய்வுக் கட்டுரைகள், வழிகாட்டிய பிஎச்.டி.க்கள், வகித்த பொறுப்புகள்.

கதவு சாத்திய பிறகுதான் சுவாரஸ்யம். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை சொல்வார்களே, பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. அவ்வளவு ரகசியம் இங்கேயும். ஒருவரை ஏன் பரிந்துரைக்கிறோம் என்பதைக் குழு எழுத்தில் தர வேண்டும் என்கிறது விதி. அந்தத் தாளை ஒரே ஒரு முறை படிக்கக் கிடைத்தால் போதும் எனக்கு!

கடைசியில் மூன்று பெயர் வேந்தரான ஆளுநருக்குப் போகும். 2018-இல் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு சூரப்பாவைத் தேர்ந்தெடுக்குமுன் மூவரிடமும் நேரில் பேசிப் பார்த்தார் அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித். அதற்கு முந்தைய வருஷம், உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி லோதாவின் குழு தந்த பட்டியல் அப்படியே நிராகரிக்கப்பட்டது. கிண்டி ஆளுநர் மாளிகை வாசல்வரை போனாலும் எதுவும் நிச்சயமில்லை.

கோவைக்கு இந்தப் பதைபதைப்பு கொஞ்சம் கூடுதல். 2018 பிப்ரவரியில் பதவியில் இருந்த துணைவேந்தரே லஞ்ச வழக்கில் கைதானதை ஊர் பார்த்தது. 2019-இல் அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து காளிராஜ் வந்தார். 2022 அக்டோபரில் அவர் பதவிக்காலம் முடிந்ததும் நாற்காலி காலியானது, வருஷக்கணக்கில் காலியாகவே கிடந்தது. காரணம், தேடுகிற குழுவிலேயே தகராறு. யுஜிசி பிரதிநிதி என்று கூடுதலாக ஒருவரைச் சேர்த்து ஆளுநர் ரவி 2023 செப்டம்பரில் குழு அறிவித்தார். அது செல்லாது என்றது மாநில அரசு. 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம், ஆளுநரிடம் தேங்கிக் கிடந்த மாநில அரசின் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளச் சொன்னதும், நியமன அதிகாரம் அரசின் கைக்கு வந்துவிட்டதென்று எல்லோரும் துள்ளினோம். ஆனால் மே மாதமே சென்னை உயர் நீதிமன்றம் நியமனம் பற்றிய அந்தச் சட்டத் திருத்தங்களுக்குத் தடை போட்டது.

கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி என நான்கு மாவட்டத்துப் பிள்ளைகளின் பட்டம் இந்த ஓர் இடத்தைப் பார்த்து நிற்கிறது. துணைவேந்தர் இல்லாதபோது ஒரு நிர்வாகக் குழுவை வைத்து அன்றாடக் கோப்புகளை நகர்த்தலாம். புதுத் துறை தொடங்க, நல்ல ஆசிரியர்களைத் தேடிப் பிடிக்க, துணிந்து முடிவெடுக்கிற ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவரை ஊரறியவும் தேடலாம். அமெரிக்காவில் 2025 ஜூனில் சாண்டா ஓனோ என்பவரை ஃப்ளோரிடா பல்கலைக்கழகத் தலைவராக்கும் முடிவு பொதுக் கூட்டத்திலேயே விவாதத்துக்கு வந்தது. பத்துக்கு ஆறு என்ற வாக்கில் அவர் நிராகரிக்கப்பட்டார். முடிவு சரியோ தவறோ, யார் என்ன கேட்டார், அவர் என்ன சொன்னார் என்று ஊரே பார்த்தது.

எனக்கு அந்த ஆசைதான். உறை கிண்டிக்குப் போகுமுன், அந்த மூன்று பேரும் ஒரு நாள் மருதமலை ரோட்டுக்கு வரட்டும். அரங்கத்தில் ஆளுக்கு அரை மணி நேரம் பேசட்டும். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வீட்டின் முதல் பட்டதாரியாக வந்த பிள்ளை எழுந்து, "ஏனுங்க சார், எங்க காலேஜுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்கட்டும்.