மார்க்கம் கண்காட்சியும் எங்கள் வீட்டுத் தோட்டமும்

மக்கோவன் வீதிவழியே வடக்கே போகிறவர்கள் எல்ஜின் மில்ஸ் சந்தியில் பெரியதொரு மைதானத்தைக் கண்டிருப்பார்கள். கனடாவின் நன்றி தெரிவித்தல் விடுமுறைக்கு முந்திய வார இறுதியில், வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாட்கள் அங்கே மார்க்கம் கண்காட்சி நடைபெறும். எம்மவர்களும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். பிள்ளைகளை இராட்டினத்தில் ஏற்றி, மாடு, ஆடு, குதிரைகளைக் காட்டி, பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். இதை நடத்துவது யார் என்று கேட்டால், நகரசபையாக இருக்கும் என்பார்கள் பலர்.

நகரசபை அல்ல. மார்க்கம் - கிழக்கு யோர்க் விவசாயச் சங்கம் என்ற உள்ளூர்ச் சங்கமே நடத்துகிறது. வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். முதற் கண்காட்சி நடந்தது 1844 இல். கனடியக் கூட்டாட்சி உருவானதே 1867 இல்தான்.

அந்நாளில் இத்தகைய சங்கங்களுக்கு இருந்த வேலை வேறு. மேல் கனடா என்று அழைக்கப்பட்ட இன்றைய ஒன்ராறியோவில் 1830 இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு மாவட்டத்து மக்கள் விவசாயச் சங்கம் அமைத்து 50 பவுண் சேர்த்தால், அரசு 100 பவுண் கொடுக்கும். அந்தப் பணத்தில் நல்லின மாடுகள், விதைகள், புதிய கருவிகள் என்பவற்றைத் தருவிக்கலாம். ஊரில் எமது கமநல சேவை நிலையங்கள் செய்த வேலையை இது நினைவூட்டும். ஆண்டுக்கொரு முறை எல்லோரும் கூடி, எவருடைய மாடு நல்லது, எவருடைய கோதுமை நல்லது என்று பார்த்துப் பரிசளிப்பார்கள். தோற்றவர் வென்றவரிடம் விதை கேட்கலாம். பரிசின் பயனே அதுதான்.

இன்று நிலைமை தலைகீழ். 1981 இல் மார்க்கத்தில் வாழ்ந்தோர் சுமார் 77,000 பேர். 2021 குடிசன மதிப்பீட்டில் 338,000 பேருக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். பழைய மைதானத்தை நகரம் சூழ்ந்துகொள்ள, 1977 இல் கண்காட்சி இப்போதைய இடத்துக்கு நகர்ந்தது. வீடுகளோ அங்கும் தேடி வந்துகொண்டிருக்கின்றன. கமக்காரர் அருகிவிட்ட ஊரில் விவசாயச் சங்கம் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வியே.

பழைய கார்களை ஒன்றோடொன்று மோதவிட்டு நொருக்கும் போட்டியும் அங்கே உண்டு. கூட்டம் அலைமோதும். எமக்கென்னவோ அதில் நாட்டமில்லை. ஆனால் நுழைவுச்சீட்டு விற்காமல் மைதானத்தைக் கட்டிக்காக்க முடியாது என்பதும் தெரிகிறது.

எமது பதில் அங்குள்ள போட்டி மண்டபங்களில் இருக்கிறது. மேசைகளில் தக்காளி, உருளைக்கிழங்கு, பூசணி, வெங்காயம். அப்பால் பாண், கேக், ஜாம், ஊறுகாய், பின்னல் வேலை, தையல் வேலை, பாடசாலைப் பிள்ளைகளின் கைவேலைகள். இவற்றில் கலந்துகொள்ள ஏக்கர் கணக்கில் நிலம் தேவையில்லை. கொல்லைப்புறத்தில் நாலு பாத்தி இருந்தாலும் போதும். சமையலறை மட்டும் இருந்தாலும் போதும். கமக்காரருக்காகத் தொடங்கிய கண்காட்சி, மண்ணிலும் அடுப்பிலும் கைவைத்த எவரையும் ஏற்றுக்கொள்கிறது. இத்தனை காலம் அது தாக்குப்பிடித்ததன் காரணங்களில் இதுவே முக்கியமானது என்று நாம் கருதுகிறோம்.

எம்மவர் வீடுகளில் அம்மம்மாவும் அப்பப்பாவும் படும் பாட்டை நாம் அறிவோம். இணுவிலிலும் புன்னாலைக்கட்டுவனிலும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த கைகள் இங்கே அடுக்குமாடியில் சும்மா கிடக்கின்றன. ஆங்கிலம் வராது, பஸ் எடுக்கத் தெரியாது என்று பிள்ளைகளே அவர்களை ஒதுக்கிவிடுகிறார்கள். போட்டி மேசையில் வைத்த கத்தரிக்காய்க்கு ஆங்கிலம் தேவையில்லை. விண்ணப்பத்தை நிரப்புவதற்குப் பேரப்பிள்ளை இருக்கிறது. பேரப்பிள்ளைக்கும் அன்றுதான் தெரியவரும், தாத்தாவிடம் கேட்டுப் படிக்க ஒரு விஷயம் இருக்கிறதென்று.

ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். போட்டிக் கையேட்டில் சொன்னபடியே கொண்டுபோக வேண்டும். ஐந்து தக்காளி என்றால் ஐந்துதான். தாராள மனதோடு ஆறு வைத்தால் நடுவர் ஒதுக்கிவிடலாம். பருமனைவிட ஒரே அளவு, ஒரே நிறம், காயமில்லாத தோல் என்பவற்றையே பொதுவாகப் பார்ப்பார்கள். இராட்சதப் பூசணிக்கு மட்டும் விதிவிலக்கு. கனடாவின் பழைய வழக்கப்படி முதற் பரிசுக்குச் சிவப்பு ரிபன், இரண்டாவதற்கு நீலம். பணம் சொற்பம்தான்.

விளைநிலம் பறிபோவது இப்பகுதிக்குப் புதிதல்ல. 1972 இல் விமான நிலையம் அமைப்பதற்கென்று மத்திய அரசு பிக்கரிங், மார்க்கம், அக்ஸ்பிறிட்ஜ் பகுதிகளில் சுமார் 18,600 ஏக்கர் காணியைச் சுவீகரித்தது. பரம்பரையாக உழுத குடும்பங்கள் வெளியேறின. அங்கே விமான நிலையம் வராது என்று அரசு அறிவித்தது 2025 ஜனவரியில். காணி பறிபோன வலியை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. பழைய கமக்காரக் குடும்பங்களோடு நாம் பேசத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒன்ராறியோவின் விவசாயச் சங்கங்கள் உறுப்பினர்களால் நடத்தப்படுபவை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இயக்குநர்களைத் தெரிவு செய்வது அவர்களே. நுழைவுச்சீட்டு வாங்கும் எம்மவர் எத்தனையோ பேர். உறுப்பினராகச் சேர்ந்து வாக்களிக்கவும் முன்வர வேண்டும். எமது காய்கறிகளுக்கும் ஊறுகாய்களுக்கும் தனிப் பிரிவு வேண்டுமென்றால் அதைக் கேட்க வேண்டிய இடம் அந்தக் கூட்டம்தான்.

போட்டியில் சேர விரும்புவோர் கையேடு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மிளகாய், கத்தரி விதைகளை மார்ச் மாதத்திலேயே வீட்டுக்குள், வெயில் படும் யன்னலோரம் போட்டுவிடுங்கள். பனி விழும் பயம் நீங்கி, மே மாதம் விக்டோரியா நாள் கழிந்தபின் வெளியே நடலாம்.