உச்சியில் நிற்கும் மாணவி: சியர்லீடிங் விளையாட்டா, இல்லையா?

மாணவர்களே, உங்கள் பள்ளியின் ஆண்டு விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை இல்லங்களின் அணிவகுப்பு முடிகிறது. அடுத்து உற்சாகக் குழுக்கள் திடலுக்குள் ஓடி வருகின்றன. மலாயில் 'பாசுக்கான் சோராக்' என்கிறோமே, அவர்கள்தாம். பாட்டு, கைதட்டல், குட்டிக்கரணம், கடைசியில் ஒரு மனிதக் கோபுரம். கீழே நான்கு பேர், அவர்கள் தோள்மேல் இரண்டு பேர், உச்சியில் எடை குறைந்த ஒரு மாணவி. பிறகு அவர்கள் ஓரமாகப் போய் உட்கார, 100 மீட்டர் ஓட்டத்துக்கு விசில் ஊதுவார்கள். விளையாட்டு இப்போதுதான் தொடங்குகிறது என்று எல்லாரும் நினைப்போம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? நீளம் தாண்டுபவருக்கு மணல் குழி இருக்கிறது. உயரம் தாண்டுபவர் ஒன்றரை மீட்டரைத் தாண்டுவதற்கே தடித்த மெத்தை போடுகிறோம். அதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நின்ற அந்த மாணவிக்குக் கீழே இருந்தது வெறும் புல். சில பள்ளிகளில் மண்டபத்துக்கு முன்னால் உள்ள சிமெண்டுத் தரை.

சியர்லீடிங்கைக் கல்லூரிகளில் அதிகாரப்பூர்வ விளையாட்டாக ஏற்கலாமா என்ற விவாதம் அமெரிக்காவில் நெடுநாளாக நடக்கிறது. நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 'ஆடிப்பாடுவது எப்படி விளையாட்டாகும்?' என்று சிரிப்பவர்கள் அங்கும் உண்டு. சிரிப்பதற்கு முன் படிவம் 4 இயற்பியலைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

மூன்றடுக்குக் கோபுரத்தின் உச்சியில் நிற்பவரின் இடுப்பு, அதாவது அவருடைய ஈர்ப்பு மையம், தரையிலிருந்து ஏறக்குறைய 3.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். இந்த வேகம் மட்டும் யாரையும் காயப்படுத்தாது. பள்ளிப் பேருந்தில் இதைவிட வேகமாகத்தானே தினமும் வருகிறீர்கள்? காயப்படுத்துவது, அந்த வேகம் எவ்வளவு குறுகிய தூரத்தில் நிறுத்தப்படுகிறது என்பதே. 'டாயா இம்புல்ஸ்' பாடத்தில் நேரத்தை வைத்துப் படித்ததை இங்கே தூரத்தை வைத்துப் பார்க்கிறோம்.

கணக்கு எளிது. விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுங்கள். உடல்மீது விழும் சராசரி விசை, உடல் எடையைப் போல் அத்தனை மடங்கு.

சிமெண்டுத் தரை கொஞ்சமும் அமுங்காது. உடல்தான் அமுங்க வேண்டும். அது 5 சென்டிமீட்டர் என்று வைத்தால், 3.5 மீட்டரை 0.05ஆல் வகுக்க 70 வரும். 45 கிலோ எடையுள்ள மாணவிக்கு அது 3,150 கிலோ சுமைக்குச் சமம். ஒரு 3 டன் லாரி ஏற்றும் பாரம் அது. 35 சென்டிமீட்டர் அமுங்கும் மெத்தையில் விழுந்தால் 10 மடங்குதான். விழுபவரைக் கீழே உள்ள நால்வர் சரியாக ஏந்தினால் இன்னும் குறையும். அவர் 2.7 மீட்டர் இறங்குகிறார், பிடிப்பவர்கள் முழங்காலை மடக்கி 60 சென்டிமீட்டர் தாழ்ந்து கொடுக்கிறார்கள் என்று கொள்வோம். நாலரை மடங்கு. நால்வரும் பங்கிட்டால் ஆளுக்கு 50 கிலோ அளவுதான் வருகிறது. இவை சராசரிக் கணக்குகள். ஒரு கணத்தில் உச்ச விசை இதைத் தாண்டும். நால்வரில் ஒருவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் கணக்கே மாறிவிடும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. உயர்ந்த செம்பனை மரத்திலிருந்து குலை விழும்போது, பழம் வெட்டுபவர் ஒதுங்கி நிற்பாரே தவிர ஏந்திப் பிடிக்கப் போகமாட்டார். சியர்லீடிங்கில் பிடித்தே ஆக வேண்டும். அதற்குத்தான் மாதக்கணக்கில் பயிற்சி. போட்டி ஆட்டம் இரண்டரை நிமிடம்தான். ஆனால் அதற்குள் தூக்குவதும் எறிவதும் பிடிப்பதும் குட்டிக்கரணமும் இடைவிடாமல் வரும். மூச்சு வாங்கும் அளவைப் பார்த்தால் 400 மீட்டர் ஓடியவருக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இது எப்படித் தொடங்கியது தெரியுமா? 1898இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டத்தில் ஜானி கேம்பல் என்ற மாணவர் பார்வையாளர்களைச் சேர்ந்து முழக்கமிட வைத்தார். ஆம், ஓர் ஆண். பெண்கள் சேர்ந்தது 1920களில்தான். முழக்கத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் அடிபட்டிருக்காது. குழுக்களுக்குள் போட்டி வந்ததும் கோபுரம் உயர்ந்தது. ஆளை மேலே எறிந்து பிடிக்கும் 'பாஸ்கெட் டாஸ்' வந்தது. விதிகள் மட்டும் அந்த வேகத்தில் வளரவில்லை.

1982 முதல் 2009 வரை அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு விளையாட்டால் ஏற்பட்ட மிகக் கடுமையான காயங்களில், அதாவது தலை, முதுகுத் தண்டு காயங்களிலும் மரணங்களிலும், சுமார் 65 விழுக்காடு சியர்லீடிங்கில் நேர்ந்தவை. மொத்தக் காயங்களை எண்ணினால் மற்றப் பல விளையாட்டுகளைவிட இதில் குறைவுதான். ஆனால் படும்போது பெரிதாகப் படுகிறது. 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் இதை விளையாட்டாக அங்கீகரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. மருத்துவர்களுக்குப் பதக்கங்களில் அக்கறை இல்லை. விளையாட்டு என்று பதிந்தால்தான் தகுதி பெற்ற பயிற்சியாளர், உடற்பரிசோதனை, முறையான பயிற்சி இடம் எல்லாம் கிடைக்கும் என்பதே அவர்கள் வாதம்.

நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. கனெக்டிகட் மாநிலத்தில் குவினிபியாக் பல்கலைக்கழகம் 2009இல் பெண்கள் கைப்பந்துக் குழுவைக் கலைத்துவிட்டுச் சியர்லீடிங்கை விளையாட்டாகக் கணக்குக் காட்ட முயன்றது. கைப்பந்து வீராங்கனைகளும் பயிற்றுநரும் வழக்குப் போட்டார்கள். 2010இல் தீர்ப்பு அவர்கள் பக்கம். சியர்லீடிங் எளிது என்று நீதிபதி சொல்லவில்லை. ஒரே மாதிரியான விதிகளும் ஒழுங்கான போட்டி அமைப்பும் இன்னும் உருவாகவில்லை, பிற்காலத்தில் தகுதி பெறலாம் என்றார். நியாயமான தீர்ப்புதான். ஒரு பெண்ணின் வாய்ப்பைப் பறித்து இன்னொரு பெண்ணுக்குக் கொடுப்பதை அங்கீகாரம் என்று சொல்ல முடியாதே. 2021இல் அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் அனைத்துலகச் சியர் சங்கத்துக்கு முழு அங்கீகாரம் தந்தது. அதனால் இது ஒலிம்பிக் போட்டியில் சேர்ந்துவிட்டது என்று பொருளல்ல.

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. கிருஷ்ண ஜெயந்திக்கு உறியடி பார்த்திருப்பீர்கள். மகாராஷ்டிராவில் அதைத் 'தஹி ஹண்டி' என்கிறார்கள். தெருவில் உயரக் கட்டிய தயிர்ப்பானையை உடைக்கத் தோள்மேல் தோளாக ஏறுவார்கள். பரிசுத் தொகை ஏற ஏறக் கோபுரமும் உயர்ந்தது. உச்சிக்கு ஏற்றியது சிறுவர்களை. 2014இல் பம்பாய் உயர் நீதிமன்றம் 20 அடிக்கு மேல் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஏறக்கூடாது என்றது. அந்தக் கட்டுப்பாடு பின்னர் தளர்ந்தது. 2022 ஆகஸ்டில் மாநில அரசு அதைச் சாகச விளையாட்டாக அறிவித்து, விளையாட்டு இட ஒதுக்கீட்டில் வேலைவாய்ப்பையும், இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயையும் அறிவித்தது. எனக்கு இதில் ஒரு நெருடல். விழுந்த பிறகு தரும் பணம் முதலில் வந்துவிட்டது. விழாமல் இருக்க வேண்டிய மெத்தையும் தலைக்கவசமும்தானே முன்னால் வந்திருக்க வேண்டும்?

மலேசியாவில் 2000களில் 'தி ஸ்டார்' நாளிதழ் இடைநிலைப் பள்ளிகளுக்கு நடத்திய 'சியர்' போட்டியால் இந்த ஆட்டம் பரவியது. பெரும்பாலும் நகரத்துப் பள்ளிகளில். பகாவ், ரந்தாவ், தம்பின் பக்கத் தோட்டங்களிலிருந்து பேருந்து ஏறி வரும் பிள்ளைகள் காணொளியைப் பார்த்துத் தாங்களே கற்றுக்கொள்கிறார்கள். திறமைக்குக் குறைவில்லை, பிடிக்கக் கற்றுத்தர ஆளில்லை. 2011 முதல் 'ஒரு மாணவர், ஒரு விளையாட்டு' என்ற கொள்கை நமக்கு இருக்கிறது. பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு மதிப்பெண்ணும் இருக்கிறது. மாதக்கணக்கில் முட்டி தேய உழைத்த மாணவியின் பெயர் அந்தப் பதிவில் விளையாட்டின் கீழ் வருகிறதா, வெறும் நிகழ்ச்சிப் பங்கேற்பாக நிற்கிறதா என்று உங்கள் புறப்பாட ஆசிரியரிடம் கேளுங்கள்.

என் கருத்து இதுதான்: அங்கீகரிக்கலாம், ஆனால் மெத்தை, தகுதி பெற்ற பயிற்றுநர், உயர வரம்பு இவை மூன்றும் முன்னால் வரட்டும். அதுவரை உங்கள் குழு இரண்டடுக்கோடு நிற்கட்டும். இதனால் ஆசிரியரின் கைதட்டல் குறைந்துவிடாது.

இந்த வாரம் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு முட்டைகளை நெகிழிப் பைகளில் தனித்தனியாகக் கட்டுங்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒன்றைச் சிமெண்டுத் தரையிலும் மற்றதைத் தலையணையிலும் போடுங்கள். தலையணை எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியது என்று அளந்து, விசை எத்தனை மடங்கு என்று கணக்கிடுங்கள். பிறகு உங்கள் இல்லத்தின் உற்சாகக் குழு பயிற்சி செய்யும் தரையைப் போய்ப் பார்த்து, அது எத்தனை சென்டிமீட்டர் அமுங்கும் என்று எழுதி வாருங்கள்.