தோவாளைக்குச் சுவரோவியம் எதற்கு?

பொது இடத்தில் கலை என்றாலே இப்போது சுவர்தான் நினைவுக்கு வருகிறது. காரணம் கண்ணகி நகர். சென்னை நகருக்குள்ளிருந்து பெயர்க்கப்பட்டவர்களின் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ள அந்தக் குடியிருப்பில், 2020-இல் அடுக்குமாடிச் சுவர்கள் நிறைய முகங்களும் வண்ணங்களும் ஏறின. ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பும் மாநகராட்சியும் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை அது. ஊரைப் பற்றிய பேச்சு மாறியது உண்மை. வேலைக்காகத் தினமும் நகரத்துக்குப் போய்வருகிறவர்களின் அலைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. பெயின்ட் கம்பெனி தரும் வண்ணத்தில் வரைவதைச் சுயேச்சையான கலை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு.

தோவாளையிலும் யாராவது ஓவியர் இப்படித் தூரிகையோடு வந்து இறங்கினால், தயவுசெய்து சுவரைத் தேடாதீர்கள் என்பேன். அங்கே பூ இருக்கிறது.

நாகர்கோவில் - திருநெல்வேலிச் சாலையில் உள்ள தோவாளைச் சந்தை விடியுமுன்பே களை கட்டிவிடும். பிச்சி, மல்லி, சம்பங்கி, கிரேந்தி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, துளசி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ரோஜா ஓசூர், பெங்களூர்ப் பக்கமிருந்து வரும். பாதிக்கு மேல் கேரளத்துக்கு வண்டி ஏறிவிடுகிறது என்றாலும் தப்பில்லை. அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் மலையாளிகள் முற்றத்தில் இடும் பூக்களங்களில் தோவாளைப் பூவுக்குத் தனிப் பங்கு உண்டு. நிறம் எல்லாம் நம்முடையது, கோலம் வேறொருவர் வீட்டில்.

ஊருக்கென்று ஒரு கலை இல்லாமலா? மாணிக்க மாலையைப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை. இவ்வளவுதான் சரக்கு. பூவை மடித்து, வரிசை பிசகாமல், நாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டே போனால் கோரைப்பாய் மாதிரித் தட்டையாக, கட்டம் கட்டமாக வடிவம் எழும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்குப் போகும் மாலை இது. மாணிக்கம் பதித்தது போலிருக்கிறதே என்று திருவிதாங்கூர் மன்னர் வியந்ததால் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கட்டுகிறவர்களின் பெயர் மட்டும் எங்கும் எழுதப்படுவதில்லை.

மாலை கட்டுகிறவர்களோடு சேர்ந்து, அதே மடிப்பில், சந்தைத் தரை அளவுக்கு ஒரு வடிவத்தை விரித்தால் என்ன? ஒரு காலைப்பொழுது இருக்கட்டும். மாலையில் வாடட்டும். நிலைக்காததற்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள் பெர்லினைப் பார்க்கலாம். கிறிஸ்டோ, ழான்-கிளோட் என்ற கலைஞர்கள் 1995-இல் அங்கே நாடாளுமன்றக் கட்டடத்தையே துணியால் போர்த்தினார்கள். அதற்காக 24 ஆண்டு அலைந்தார்கள்; போர்வை இருந்தது 14 நாள்; வந்து பார்த்தவர்கள் 50 லட்சம் பேர். செலவுக்கு அரசிடமோ நிறுவனங்களிடமோ அவர்கள் கை நீட்டவில்லை. திட்டத்துக்காக வரைந்த ஓவியங்களை விற்றே பணம் சேர்த்தார்கள். சுயேச்சை என்றால் அதுதான்.

நியூயார்க்கில் இதற்கு நேர்மாறாக நடந்தது. சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1981-இல் ஓர் அரசு அலுவலகச் சதுக்கத்தில் 120 அடி நீள இரும்புச் சுவரை நிறுத்தினார். தினம் அதைச் சுற்றி நடக்க வேண்டியிருந்த ஊழியர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு மனுக் கொடுத்தார்கள். 1989-இல் வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். அந்த இடத்தைப் புழங்குகிறவர்களிடம் முதலிலேயே பேசியிருக்க வேண்டும்.

தோவாளையில் பேச வேண்டியவர்கள் யார்? பூ வியாபாரிகள், சுமை தூக்குகிறவர்கள், மாலை கட்டுகிறவர்கள், பிறகு ஊராட்சி. சாலையோரம் என்றால் நெடுஞ்சாலைத் துறையும் உண்டு. திறந்த இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-இல் வந்த சட்டம் இன்னும் இருக்கிறது. வாய்மொழிச் சம்மதத்தை நம்பி இறங்கக் கூடாது. ஓணம், சரசுவதி பூசை, முகூர்த்த நாள்களில் விலை எட்டாது. வரத்து மிஞ்சி, வாங்க ஆளில்லாமல் பூ குப்பைக்குப் போகும் நாளைத் தேர்ந்தெடுத்தால் கைச்செலவிலேயே முடிக்கலாம். கட்டுகிறவர்களுக்குக் கூலி குறையக் கூடாது. பலகையில் ஓவியர் பெயருக்கு மேலே அவர்கள் பெயர் இருக்க வேண்டும்.

நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ஓவியம் படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒருநாள் விடியுமுன் தோவாளைக்கு வாருங்கள். பென்சிலை எடுப்பதற்கு முன் ஒரு மாணிக்க மாலை கட்டக் கற்றுக்கொள்ளுங்கள்.