முள்கரண்டியால் குத்தினால் போச்சு! வெளியே கருகல், உள்ளே பச்சை: நீதிபதி வரை போன ஜெர்மன் சாசேஜ்

அமெரிக்காவில் இரண்டு ஊர்களுக்குள் ஒரு தகராறு. எல்லைத் தகராறு அல்ல, தண்ணீர்த் தகராறும் அல்ல. பன்றிக்கறி சாசேஜ் தகராறு!

ஜெர்மன் சாசேஜுக்கு உலகத் தலைநகர் நாங்கள்தான் என்றது விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஷெபாய்கன். ‘அதெப்படி, நாங்கள்தான்’ என்று கிளம்பியது ஒஹையோ மாநிலத்துப் புசைரஸ். 1970-ல் விவகாரம் நீதிபதியின் தீர்ப்பு வரை போனது. ஷெபாய்கனுக்கே வெற்றி! (தீர்ப்பு சொன்னவர் ஷெபாய்கன் நீதிபதி. வேறு எப்படி இருக்கும்?)

மிச்சிகன் ஏரிக்கரை ஊர் இது. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியர்கள் கப்பல் ஏறி வந்து குடியேறினார்கள். கூடவே வந்தது ‘பிராட்வர்ஸ்ட்’. கொத்திய பன்றிக்கறியில் உப்பு, மிளகு, ஜாதிக்காய் சேர்த்து, சுத்தம் செய்த குடலில் அடைத்தது. ஊர்க்காரர்களுக்குச் சுருக்கமாக ‘பிராட்’. 1953-ல் இதற்கென்று ஒரு திருவிழாவே தொடங்கிவிட்டார்கள்.

கோடை வந்தால் சனி, ஞாயிறு வீட்டுக்கு வீடு கொல்லையில் புகைதான். அக்கம்பக்கத்தார் தட்டோடு வந்து நிற்பார்கள். சுடுவது கரித்தணலில். ஆனால் பெயர் மட்டும் ‘பிராட் ஃபிரை’!

ஒரே ஒரு குத்து

வினை இங்கேதான் வருகிறது.

புதிதாகச் சுட வந்தவர் செய்கிற முதல் காரியம், முள்கரண்டியால் ஒரு குத்து. ‘வெந்துடுச்சா பார்ப்போம்’ என்று! ஓட்டை வழியாகக் கொழுப்பு ஒழுகித் தணலில் விழும. குப்பென்று தீ எழும்பும். தோல் கரிக்கட்டை ஆகிவிடும். ‘ஆச்சு, வெந்துடுச்சு’ என்று தட்டில் போடுவார். கடித்தால் நடுவில் பச்சைக் கறி!

இது விளையாட்டுக் காரியம் அல்ல. முழுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேலேதான் இருக்கும். கொத்தும்போது உள்ளே எல்லாம் கலந்துவிடும். சால்மோனெல்லா கிருமி வயிற்றுக்குள் போனால் பேதி, காய்ச்சல், வயிற்றுவலி. குழந்தைகள், வயதானவர்கள் என்றால் ஆஸ்பத்திரி வரை போகும். கொத்துக்கறியின் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏறவேண்டும் என்பது அமெரிக்க விவசாயத் துறையின் கண்டிப்பு. நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசியில் வெப்பமானியை நுனி வழியாகச் சொருகிப் பார்க்கவேண்டும். அந்த ஒரு குத்துக்கு மட்டும் மன்னிப்பு உண்டு!

பழகின கை வேறு. கரி சிவந்து, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் சாசேஜ் ஏறும். தணல் ஒரு பக்கம், மறுபக்கம் காலி. இடுக்கியால் புரட்டிக்கொண்டே இருப்பார். தீ எழும்பினால் காலிப் பக்கம் தள்ளிவிடுவார். 20 நிமிஷமாவது ஆகும். கையில் பீர் இருக்கலாம், கண் அடுப்பில் இருக்கவேண்டும்.

மழை வந்தால்?

கரி அடுப்பைக் கார் ஷெட்டுக்குள் இழுத்துப் போகிற ஆசாமிகள் உண்டு. ஆபத்து! எரியும் கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலை சுற்றும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அப்புறம் ஆளே எழுந்திருக்க மாட்டார். கதவைத் திறந்து வைத்தாலும் நம்ப முடியாது. விருந்து முடிந்தாலும் தணல் அடியோடு அணைகிற வரை அடுப்பு வெளியேதான்.

வெங்காய மரியாதை

சட்டியில் வெண்ணெய், வட்ட வட்டமாக நறுக்கிய வெங்காயம், மேலே பீர். அடுப்பு ஓரத்தில் வைத்தால் வெங்காயம் குழைந்து இனிப்பாகிவிடும். சுட்ட சாசேஜை அதில் போட்டு வைத்தால், தாமதமாக வருகிற விருந்தாளிக்கும் சூடு ஆறாது.

விஸ்கான்சினில் பல வீடுகளில் முதலிலேயே பீரில் வேகவைத்து, அப்புறம்தான் சுடுகிறார்கள். ஷெபாய்கன் பழைய ஆட்களுக்கு இது பிடிக்காது. ருசியெல்லாம் சட்டியோட போச்சு என்பது அவர்கள் கட்சி. இருக்கலாம். சுடத் தெரியாதவர் வேகவைத்துச் சுடுவதே வந்தவர்கள் வயிற்றுக்கு நல்லது.

மேலே மொறுமொறுவென்று இருக்கிற வட்ட ரொட்டியைப் பிளந்து, உள்ளே இரண்டு சாசேஜ். இதற்கு ‘டபுள் பிராட்’ என்று பெயர். கடுகு விழுது, வெள்ளரிக்காய் ஊறுகாய், வெங்காயம் சேரும். தக்காளி சாஸ் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்!