சுருட்டையும் பரட்டையும்

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலைப் பற்றிய ஐதீகமொன்று முல்லைத்தீவுப் பகுதியில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் மூதாட்டி ஒருத்தி வந்தாள். தன் தலையிலே பேன் கடிக்கிறதென்றும், பார்த்து எடுத்துவிடுமாறும் கேட்டாள். மயிரை வகிர்ந்து பார்த்த சிறுவர்கள் தலை நிறையக் கண்களைக் கண்டு திகைத்தனர் என்பது அக்கதை. அதன் உட்பொருளைச் சமய அறிஞர் ஆராய்வர். முன்பின் அறியாத ஒருத்தியின் தலையைச் சிறுவர்கள் அத்துணைப் பொறுமையோடு வகிர்ந்து பார்த்தார்களே, அந்தப் பொறுமை இங்கே கருதத்தக்கது.

வைகாசிப் பொங்கலுக்காக அடியார்கள் அக்கோயிலை நோக்கி நடக்கும் அதே வெயிற்காலத்தில், வன்னி வீடுகளின் முற்றங்களிலே காலைதோறும் வேறொரு காட்சியைக் காணலாம். பாடசாலைக்குப் புறப்படும் சிறுமி ஒருத்தி படிக்கட்டில் அமர்ந்திருக்கிறாள். பின்னால் நெருங்கிய பற்களையுடைய சீப்போடு தாய் நிற்கிறாள். உலர்ந்த சுருட்டை மயிரில் சீப்பு உச்சியிலிருந்து இறங்குகிறது, பாதியில் சிக்கி நிற்கிறது, தாய் இழுக்கிறாள், பிள்ளை அழுகிறாள். 'பரட்டைத் தலை' என்ற ஏச்சும் கூடவே வந்துவிடுகிறது. சுருட்டை சோறு போடும் என்று ஆறுதல் கூறும் பேத்தியார் ஒருவர் வீட்டில் இருந்தால் அது பிள்ளையின் நற்பேறு.

சுருட்டை வேறு, பரட்டை வேறு. முன்னது பிறப்போடு வந்த அமைப்பு. பின்னது வெயிலும் உவர் நீரும் பிழையான சீப்பும் சேர்ந்து அவ்வமைப்புக்குச் செய்த கேடு. முன்னதை மாற்ற வேண்டியதில்லை, பின்னதைத் தவிர்க்கலாம்.

பண்டைத் தமிழர் நெளிந்த கூந்தலை இழிவாகக் கருதியவரல்லர். ஆறு வற்றியபின் கருமணலில் நீர் விட்டுச் சென்ற நெளிவுக்கு 'அறல்' என்று பெயர். சங்கப் புலவர் பெண்களின் கூந்தலுக்கு உவமை தேடியபோது அந்த அறலையே திரும்பத் திரும்ப எடுத்தாண்டனர். கூந்தலை முடிக்கும் வகைகள் ஐந்தென்று கொண்டு, அதற்கு 'ஐம்பால்' என்று பெயரிட்டனர். குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்பன அவ்வைந்து. இவற்றுள் அளகம் என்பது சுருண்ட மயிரையே குறிக்கும். நேராகத் தொங்குவதே அழகு என்ற எண்ணம் நம்மிடையே பிற்காலத்தில் வந்து புகுந்த விருந்தாளி.

மயிர் ஏன் சுருள்கிறது? தோலுக்குள்ளே மயிர் முளைக்கும் சிறு குழி நேராக இருந்தால் மயிரும் நேராக வளரும். குழி வளைந்திருந்தால் மயிரும் வளைந்தே வெளிவரும். குறுக்கே வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நேர்மயிர் பெரும்பாலும் வட்டமாகவும் சுருள்மயிர் தட்டையான நீள்வட்டமாகவும் தோன்றும். தலைத்தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் நேர்மயிரில் எளிதாக நுனிவரை வழிந்து செல்லும். சுருளிலோ ஒவ்வொரு வளைவிலும் தடைப்பட்டு நின்றுவிடும். ஆதலால் அடி எண்ணெய்ப் பசையோடும் நுனி வறண்டும் இருப்பது சுருட்டை மயிரின் இயல்பு. வளைவுகளே அதன் வலிமை குன்றிய இடங்களுமாகும்.

மயிர் காற்றின் ஈரத்தை அறியும் தன்மையது. சுவிற்சர்லாந்து அறிஞர் சோசூர் என்பவர் 1783ஆம் ஆண்டளவில், மனித மயிரொன்றைக் கட்டியே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியைச் செய்தார். ஈரம் மிகுந்தால் மயிர் நீளும், குறைந்தால் குறுகும். கருவியின் முள் அதற்கேற்ப நகரும். வன்னியிலே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையில் பெய்து முடிந்துவிடுகிறது. பின்னர் சித்திரை வெயிலும், அதைத் தொடர்ந்து மாதக்கணக்காக வீசும் சோளகக் காற்றும் குளங்களை மட்டுமன்றித் தலைகளையும் வற்றச் செய்கின்றன. மயிரின் மேற்புறத்திலே மீன் செதிள்போல் படிந்திருக்கும் நுண்ணிய படலம் வறட்சியில் சிலிர்த்து எழுகிறது. ஓரிழை மற்றோர் இழையைப் பற்றிக்கொள்கிறது. சிணுக்கு விழுவதன் காரணம் இதுவே.

இதனோடு கிணற்று நீரும் சேர்ந்துகொள்கிறது. பூநகரி, முல்லைத்தீவுப் பக்கங்களில் நிலத்தடியில் சுண்ணக்கல் உண்டு. வவுனியாவின் உட்பகுதியோ கடும்பாறை நிலம். இவ்வகை நிலத்தில் ஊறும் நீரில் கல்சியமும் மகனீசியமும் கரைந்திருக்கும். பாடநூல்கள் இதனை 'வன்னீர்' என்கின்றன. வன்னீரில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. வெண்ணிறப் பிசுக்காகத் திரிந்து மயிரிலே படியும். கழுவக் கழுவ மயிர் கரடாவதாகப் பெண்கள் முறையிடுவது வீண் முறைப்பாடன்று. மாரியில் பிடித்து மூடி வைத்த மழைநீர் ஒரு வாளி இருந்தால், முழுக்கின் இறுதியில் தலையை அலசுவதற்கு அதனை ஒதுக்கலாம். அதுவும் இல்லையெனில் ஒரு செம்பு நீரில் சிறிதளவு தேசிக்காய்ச் சாறு விட்டு அலசினால் படிந்த பிசுக்குப் பெரும்பாலும் நீங்கும். சாறு மிகுந்தால் கண் எரியும், தலைத்தோலும் எரியும். ஆகையால் அளவு வேண்டும்.

சுருட்டை மயிரை நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவத் தேவையில்லை. கிழமைக்கு ஒன்றிரண்டு முறை போதும். கிணறுகள் அடி தெரியும் காலத்தில் இது சிக்கனமுமாகும். மற்ற நாள்களில் வியர்வை போக வெறும் நீரில் அலசலாம். இரணைமடு வாய்க்காலில் குதித்துக் குளிக்கும் பிள்ளைகள் கரையேறியதும் வெயிலில் நின்று துவாயால் தலையை அரக்கித் துடைக்கும் வழக்கத்தை மட்டும் விடவேண்டும். பழகிய பருத்திச் சேலைத் துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும்.

எண்ணெய் விடயத்தில் நம்மவர் ஒரு புறம் சரியாகவும் மறுபுறம் பிழையாகவும் நடந்து வருகின்றனர். ரெலே, மொஹிலே என்னும் இந்திய ஆய்வாளர் இருவர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். தேங்காய் எண்ணெய் மட்டுமே மயிருக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் கழிந்து போவதைக் குறைத்தது. அந்த ஆய்வில் முழுகுவதற்கு முன்னரும் எண்ணெய் பூசிப் பார்க்கப்பட்டது. நம் பாட்டிமாரின் எண்ணெய் முழுக்கும் அவ்வொழுங்கையே கொண்டது. பிழை எங்கே என்றால், வெயிலுக்குக் குளிர்ச்சி என்று எண்ணி உச்சியில் எண்ணெயை வழிய வழிய வைத்துக்கொண்டு புழுதித் தெருவில் இறங்குவதில்தான். தலைத்தோலில் தேங்கும் எண்ணெயும் வியர்வையும் சொடுகுக்கு இடங்கொடுக்கும். எண்ணெயை வேண்டி நிற்பது மயிரின் நுனியே, அடியன்று.

முழுகும்போது செவ்வரத்தை இலையை நீரில் கசக்கி எடுத்த வழுவழுப்பான சாற்றையோ, ஊறவைத்து அரைத்த வெந்தயத்தையோ பூசி, அது தலையில் இருக்கும்போதே சிக்கெடுக்க வேண்டும். முதலில் விரல்கள், அப்பால் பற்கள் அகன்ற சீப்பு. நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே ஏறுவதே முறை. முற்காலத்துப் பெண்கள் சீப்பை எடுக்குமுன் 'சிணுக்கோலி' என்ற கோலினால் சிக்கை மெல்ல நெகிழ்த்தினர். அக்கருவி இன்று வீடுகளில் அருகிவிட்டது. பெயரையேனும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். பேன் சீப்பையும் உலர்ந்த சுருளில் இழுத்தல் ஆகாது. தலை நனைந்து வழுவழுப்பாக இருக்கும்போது பகுதி பகுதியாகப் பிரித்து வாரினால் பேனும் அகப்படும், பிள்ளையும் அழாது. காய்ந்த பின்னர் சுருளைச் சீப்பால் வாரினால் சுருள் குலைந்து பரந்து நிற்கும். பரட்டை என்று பிறர் ஏசுவது அதனைத்தான்.

ஈரம் முழுதும் உலருமுன் தளர்வாகப் பின்னிவிட்டால் சுருள் தன் வடிவிலேயே படியும். பாடசாலைக்குரிய இரட்டைப் பின்னலும் சுருட்டைக்கு ஏற்றதே, இறுக்காதவரையில். நெற்றியோரம் வெளிறித் தெரியுமளவு நாள்தோறும் இழுத்துப் பின்னினால் அவ்விடத்து மயிர் உதிரும். ஆண்டுகள் செல்லச் செல்ல மீண்டும் முளையாமலும் போகக்கூடும். ஒழுங்கைப் பார்க்கும் ஆசிரியர் தலை தூய்மையாக இருக்கிறதா, மயிர் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முறை. நெற்றியில் தவழும் சிறு சுருள்களைக் குற்றமாக எண்ணி எண்ணெய் வைத்து ஒட்டச் சொல்வது முறையன்று. தென்னாபிரிக்காவிலே பிரிட்டோரியா நகரின் பெண்கள் உயர்தரப் பாடசாலையில் 2016ஆம் ஆண்டு மாணவியர் தம் இயற்கை மயிரைப் பற்றிய விதிகளுக்கு எதிராக எழுந்து நின்றதை உலகமே கண்டது.

ஏச்சுக் கேட்டு வளர்ந்த பெண் பருவமடைந்ததும் மயிரை நேராக்கும் பூச்சைத் தேடுகிறாள். அப்பூச்சுகள் சிலவற்றிலிருந்து வெளிவரும் போமல்டிகைட்டு புற்றுநோயை விளைவிப்பது என்று 2004ஆம் ஆண்டிலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகுத்துவிட்டது. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்றும் உண்டு. நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதவருள் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் காண்போர் நூற்றுக்கு 1.64 என்றும், அடிக்கடி பயன்படுத்துவோருள் 4.05 என்றும் அது மதிப்பிட்டது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதனால் முடிந்த முடிபாகக் கூறிவிட முடியாது. எனினும் ஒரு சிறுமியின் தலையைப் பழித்துப் பேசுவது அவளை எங்கே கொண்டுபோய் விடலாம் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.

வெயிலைப் பற்றிய ஒரு செய்தி எஞ்சியுள்ளது. சுருட்டைத் தலை வெப்பத்தைக் கூட்டும் என்று ஊரில் எண்ணுவோர் பலர். தீனா லசீசி முதலிய ஆய்வாளர்கள் மனித உருவப் பாவை ஒன்றுக்கு நேர்மயிர், சுருள்மயிர், இறுகச் சுருண்ட மயிர் என்று மூவகைப் பொய்மயிர் அணிவித்து, வெயிலை ஒத்த விளக்கொளியின் கீழ் வைத்துச் சோதித்து, 2023ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். மூவகையும் தலையிற் படும் வெப்பத்தைக் குறைத்தன. எல்லாவற்றிலும் மிகுதியாகக் குறைத்தது இறுகச் சுருண்டதே. சுருள்கள் தலைத்தோலுக்கும் வெயிலுக்கும் இடையே இடைவெளியை உண்டாக்கி நிழல் செய்கின்றன. நம்மவரின் சுருட்டை பெரும்பாலும் அத்துணை இறுக்கமானதன்று. ஆயினும் சிறுபோக வயலிலே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு களை பிடுங்கும் பெண் அத்துணியின் கீழும் மெல்லிய குடையொன்றை விரித்தே வைத்திருக்கிறாள்.